குறைந்த செலவில் வீட்டுக்கு லைன் அரே ஸ்பீக்கர்: முதல்முறை கட்டுபவர்களுக்கு

லைன் அரே என்றதும் கச்சேரி மேடையின் இரு பக்கமும் தொங்கும் பெட்டிகள்தான் நினைவுக்கு வரும். வீட்டுக்கு நாம் செய்யப்போவது அதன் எளிய வடிவம். சிறிய ட்ரைவர்கள் (ஒலி எழுப்பும் கூம்புள்ள தனித்தனி ஸ்பீக்கர்கள்) பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, இடைவெளி இல்லாமல், ஒல்லியான ஒரு பெட்டியில் வரிசையாகப் பொருத்துகிறோம். நான் இதில் இறங்கியபோது கிடைத்த தகவல்கள் எல்லாம் துண்டு துண்டாக இருந்தன. அவையும் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளையும் அங்கே கிடைக்கும் ட்ரைவர்களையும் வைத்து எழுதப்பட்டவை. நம் டைல்ஸ் தரைக்கும் பத்தடி உயரக் கான்கிரீட் தளத்துக்கும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளின் சரக்குக்கும் அவற்றைப் பொருத்திப் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு முடியும்வரை ட்ரைவர்களை மொத்தமாக வாங்காதீர்கள், அளந்து பார்க்க நான்கு போதும். மற்ற ஸ்பீக்கர்களில் ட்ரைவரை வாங்கிவிட்டு அதற்கேற்ற பெட்டியை யோசிக்கலாம். இங்கே ஒரே பொருளை முப்பத்தைந்து நாற்பது என்று வாங்குகிறோம். தேர்வு தவறினால் நஷ்டமும் அத்தனை மடங்கு.

1. உங்கள் ஹாலுக்கு இது பொருந்துமா?

சாதாரண ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி எல்லாத் திசையிலும் விரியும். நாம் நிற்கும் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் 6 டெசிபல் குறையும். நீண்ட வரிசையிலிருந்து வரும் ஒலி பக்கவாட்டில் விரியும், மேலும் கீழும் அதிகம் விரியாது. அதனால் வரிசைக்கு அருகே, தூரம் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் குறையும். ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்தவருக்கும் மூன்று மீட்டரில் உட்கார்ந்தவருக்கும் சத்தம் அதிகம் மாறாது. தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் குறையும். கம்பளமோ திரைச்சீலையோ இல்லாத, பேசினாலே ‘கணீர்’ என்று திரும்பும் ஹால்களுக்கு இது பெரிய உதவி. நான் இந்த வழிக்கு வந்ததே அதனால்தான்.

ஆனால் இதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. கேட்பவரின் காது வரிசையின் உயரத்துக்குள் இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 95 செ.மீ. முதல் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும், பிரச்சினை இல்லை. எழுந்து நின்றால், 1.5 மீட்டர் பெட்டியைவிடக் காது மேலே போய்விடும், உயர் சுருதிகள் (ஹெர்ட்ஸ் அதிகமான ஒலிகள்) மங்கும். பாடகரின் குரல் ஒரு புள்ளியிலிருந்து வராமல் சற்று உயரமாகப் பரவி ஒலிக்கும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. முடிந்தால் யாரிடமாவது இருப்பதை ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஹாலில் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் இடையே இரண்டரை மீட்டராவது இருப்பது நல்லது.

2. ஒரே தாளில் கணக்கு

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே 3 அங்குல முழுவீச்சு ட்ரைவர், அதாவது ட்வீட்டர் (உயர் சுருதிக்கான தனி ஸ்பீக்கர்) தேவைப்படாத வகை, ஒரு பெட்டிக்கு 16 என்று வைத்துக் காட்டுகிறேன். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இடைவெளி: ஒரு ட்ரைவரின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம்வரை உள்ள தூரத்தைக் குறியுங்கள். ட்ரைவரின் சட்டம் 88 மி.மீ. என்றால் இந்தத் தூரத்தை 90 மி.மீ. என வைக்கலாம். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை 0.09 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3,800 ஹெர்ட்ஸ். இதற்கு மேலே உள்ள ஒலிகளில் ட்ரைவர்கள் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கி, அலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். சீப்பின் பற்கள்போல வரைபடத்தில் ஏற்ற இறக்கம் தெரியும். இதை முழுதாகத் தவிர்க்க இந்தச் செலவில் வழி இல்லை, ஆனால் குறைக்கலாம். அதனால்தான் 4 அங்குல ட்ரைவர் வேண்டாம் என்கிறேன். 2 அங்குலம் இன்னும் நல்லது, ஆனால் எண்ணிக்கை கூடும், கீழ்ச்சுருதியும் போய்விடும்.

நீளம்: 16 × 90 மி.மீ. = 1.44 மீட்டர். தரையிலிருந்து கூரைவரை உள்ள உயரத்தில் 70 சதவீதமாவது வரிசை இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பத்தடிக் கூரைக்கு அது 2.1 மீட்டருக்கு மேல் போகும், அதற்கு 24 ட்ரைவர் வேண்டும். குறைந்த செலவுக்கு 16 போதும் என்பது என் முடிவு. பெட்டியைத் தரையிலேயே வைத்தால் தரை கண்ணாடிபோல வேலை செய்து வரிசையின் நீளத்தைக் கூட்டிக் காட்டும். மேசைமேலோ ஸ்டாண்டிலோ தூக்கி வைத்தால் அந்த ஆதாயம் போச்சு.

எந்தச் சுருதியிலிருந்து வரிசையாக நடந்துகொள்ளும்: நீளத்தின் வர்க்கத்தைச் சுருதியால் பெருக்கி, 686 ஆல் வகுத்தால், எத்தனை மீட்டர்வரை வரிசையின் அருகாமைக் களம், அதாவது தூரம் இரட்டிப்பானால் 3 டெசிபல் மட்டும் குறையும் பகுதி, நீள்கிறது என்று தெரியும். 1.44 மீட்டருக்கு 1,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 மீட்டர் வரும். உங்கள் சோபா 3 மீட்டரில் இருந்தால் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே முழுப் பலனும் கிடைக்கும். தரையின் உதவியால் அது இன்னும் கீழேயே தொடங்கும்.

பெட்டியின் கொள்ளளவு: இதற்கு ட்ரைவரின் மூன்று எண்கள் வேண்டும். எஃப்எஸ் (ட்ரைவர் தானே அதிரும் ஒத்ததிர்வுச் சுருதி), கியூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதன் அளவு), விஏஎஸ் (கூம்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கொள்ளளவு). இவற்றை அளக்கும் விதம் அடுத்த பகுதியில் வரும். உதாரணத்துக்கு எஃப்எஸ் 110 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் 0.6, விஏஎஸ் 1.2 லிட்டர் என்று வைப்போம். மூடிய பெட்டியில் மொத்த கியூ 0.9 வேண்டும் என்றால், 0.9 ஐ 0.6 ஆல் வகுத்து, வந்ததை வர்க்கமாக்கி, 1 ஐக் கழியுங்கள். 1.25 வரும். விஏஎஸ்ஸை அதனால் வகுத்தால் 0.96 லிட்டர். இது ஒரு ட்ரைவருக்கு. பதினாறுக்கு 15.4 லிட்டர். பெட்டிக்குள் ஒத்ததிர்வு 110 × 1.5 = 165 ஹெர்ட்ஸ்.

இந்தத் தாள்தான் உங்கள் முதல் ஆவணம். கடைக்கும் ஆசாரியிடமும் இதைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.

3. ட்ரைவர் வாங்குவது

அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். முதலில் நான்கு மட்டும் வாங்குங்கள். கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடலாம்: “அண்ணே, நாலு எடுத்துப் பார்க்கிறேன். சரியா இருந்தா இதே லாட்டுல இன்னும் முப்பத்திரண்டு வேணும், ஒதுக்கி வைப்பீங்களா?” மொத்தமாக எடுப்பவர் என்று தெரிந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், விலையிலும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வார நாளில் போங்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை.

சந்தையில் கிடைக்கும் 3 அங்குல ட்ரைவர்கள் பலவற்றுக்கு டேட்டாஷீட் இருக்காது. காந்தத்தின்மேல் ஒட்டியிருக்கும் வாட்ஸ் எண்ணை நம்பாதீர்கள், அது விற்பனைக்கானது. வீட்டுக்கு வந்ததும் மல்டிமீட்டரில் மின்தடையைப் பாருங்கள். 8 ஓம் ட்ரைவர் 6 முதல் 7 ஓம் வரை காட்டும், 4 ஓம் ட்ரைவர் 3 முதல் 3.6 வரை காட்டும். அப்புறம் ஆர்ஈடபிள்யூ என்ற இலவச மென்பொருளும், கணினியின் சவுண்டு கார்டும், 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் இருந்தால் எஃப்எஸ், கியூடிஎஸ் இரண்டையும் நீங்களே அளந்துவிடலாம். கூம்பின்மேல் எடை தெரிந்த களிமண்ணை ஒட்டி மறுபடி அளந்தால் விஏஎஸ்ஸும் வந்துவிடும். ஒரு மாலை நேரம் போதும்.

நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கிய எண்களைக் காட்டினால் மீதியை வாங்குங்கள். எஃப்எஸ் பத்து சதவீதத்துக்கு மேல் அங்குமிங்கும் ஓடினால் அந்த லாட்டே வேண்டாம். மொத்தம் 36 எடுங்கள்: 32 பெட்டிகளுக்கு, 4 உபரிக்கு. ஒரு வருடம் கழித்து ஒன்று போனால் அதே மாடல் கடையில் இருக்காது.

பில் கேளுங்கள். ஜிஎஸ்டி சேர்த்த விலையா, சேர்க்காததா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முப்பத்தாறு பொருளில் அந்த வித்தியாசம் சிறியதல்ல. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் கூரியர் நிறுவனம் கேஒய்சிக்கு அடையாளச் சான்று கேட்கும். சுங்கவரி, ஜிஎஸ்டி, கூரியரின் கையாளும் கட்டணம் எல்லாம் பொருளின் விலைக்கு மேலே சேரும். காந்தம் கனமானது, அனுப்பும் செலவே பொருளின் விலையை எட்டிப்பிடிக்கும். இந்தத் திட்டத்துக்கு உள்ளூர்ச் சரக்கே சரி என்பது என் கருத்து.

4. ஓம் கணக்கும் ஆம்பும்

நான்கு ட்ரைவரைத் தொடராக இணைத்தால் 8 ஓம் நான்கு மடங்காகி 32 ஓம். அப்படிப்பட்ட நான்கு சரங்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மறுபடி 8 ஓம். 16 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் காரணம். 9, 16, 25 ஆகிய எண்களில் மொத்தம் ஒரு ட்ரைவரின் ஓமுக்கே திரும்பி வரும். 4 ஓம் ட்ரைவர் வாங்கியிருந்தால் மொத்தமும் 4 ஓம்தான், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ட்ரைவருக்கும் போவது மொத்த மின்திறனில் பதினாறில் ஒரு பங்கு. அதே சமயம், ஒரே மின்னழுத்தத்தில் தனி ட்ரைவரைவிட 12 டெசிபல் வரை சத்தம் கூடும். தாளில் வரும் இந்த 12 சோபாவில் முழுதாகக் கிடைக்காது, ஆனாலும் பெரிய ஆம்ப் தேவைப்படாது. டிபிஏ3116 சிப் வைத்த ஸ்டீரியோ போர்டு ஒன்றும் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (போர்டுக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்றும் போதும். 8 ஓமில் பக்கத்துக்கு ஏறக்குறைய 30 வாட்ஸ் கிடைக்கும். அந்தச் சிப்பின் உச்சவரம்பு 26 வோல்ட். ‘கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் என்ன’ என்று கடையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

5. பெட்டி

18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே இரண்டு பெட்டிக்கும் போதும். முன்பலகையும் பின்பலகையும் 13.6 செ.மீ. அகலம், பக்கப்பலகைகள் 12 செ.மீ., எல்லாம் 1.5 மீட்டர் நீளம். இரண்டு பெட்டிக்கு எட்டுப் பட்டைகள், மொத்த அகலம் 102.4 செ.மீ. ஷீட்டின் அகலம் 122 செ.மீ. என்பதால் ரம்பம் தின்னும் இடமும் போக மிஞ்சும். மீதித் துண்டில் மேல்மூடி, அடிமூடி, அடிப்பீடம் எல்லாம் வந்துவிடும். வெட்டும் வரைபடத்தை மி.மீ. கணக்கில் எழுதிக் கொடுங்கள். ஆசாரி அங்குலத்தில் மாற்றினால் 32 ஓட்டைகளில் பிசகு சேர்ந்துகொண்டே போகும்.

உள்ளளவு 10 × 12 × 146.4 செ.மீ., அதாவது ஏறக்குறைய 17.6 லிட்டர். ட்ரைவர்களும் தடுப்புகளும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் நமக்கு வேண்டிய 15.4க்கு அருகில் வந்து நிற்கும்.

நான்கு ட்ரைவருக்கு ஒரு குறுக்குத்தடுப்பு கண்டிப்பாக வையுங்கள். 12 மி.மீ. பலகை போதும். காரணம் இரண்டு. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே வெறும் 15 மி.மீ. மரமே மிஞ்சுகிறது, தடுப்பு இல்லாவிட்டால் முன்பலகை அதிரும். அதைவிட முக்கியம், தடுப்பில்லாத 1.46 மீட்டர் நீளக் குழல் 117 ஹெர்ட்ஸில் தானே முழங்கும். நான்காகப் பிரித்தால் அந்த முழக்கம் 470 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறிவிடும், அதைத் தலையணைக்கு அடைக்கும் ரெக்ரான் பஞ்சு விழுங்கிவிடும். வயர் போகும் துளைகளை சிலிக்கானால் அடையுங்கள்.

ஓட்டைகளைக் கையால் போடுவதைவிட சிஎன்சி (கணினி வழி வெட்டும் இயந்திரம்) கடையில் கொடுப்பது நல்லது. டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பாகக் கொடுத்தால் தவறு வராது. முதலில் ஒரு கழிவுத்துண்டில் ஒரே ஒரு ஓட்டை போடச் சொல்லி, ட்ரைவரை வைத்துப் பார்த்தபின் மீதியைப் போடச் சொல்லுங்கள்.

எம்டிஎஃப்புக்குத் தண்ணீர் பகை. வீடு துடைக்கும் ஈரம் தினமும் அடியில் படும், ஒரு வருடத்தில் அடிப்பலகை உப்பிவிடும். அடிப்பீடத்துக்கு ரப்பர் கால்கள் வைத்து இரண்டு செ.மீ. தூக்குங்கள். வெட்டிய விளிம்புகளில் ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து இரண்டு கோட் பூசிவிட்டு அப்புறம் பிரைமர் அடியுங்கள். அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பெட்டி ஒல்லியானது என்பதால் அடிப்பீடம் அகலமாக, குறைந்தது 30 செ.மீ. சதுரமாக இருக்கட்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பின்பக்கத்தைச் சுவரோடு ஒரு எல் பிராக்கெட்டால் பிணைத்துவிடுங்கள்.

6. வயரிங்

பொருத்தும் முன் 36 ட்ரைவரையும் 1.5 வோல்ட் பேட்டரியால் தொட்டுப் பாருங்கள். ப்ளஸ் முனையில் பேட்டரியின் ப்ளஸ் பட்டதும் கூம்பு வெளியே வர வேண்டும். விலை குறைந்த ட்ரைவர்களில் சிவப்புப் புள்ளி தவறான முனையில் இருப்பது உண்டு. பதினாறில் ஒன்று தலைகீழாக இருந்தால் காதுக்குச் சட்டென்று தெரியாது, அளக்கும்போது மட்டும் காரணம் புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அடுத்தடுத்த நான்கு ட்ரைவர்கள் ஒரு சரம், ஓர் அறை. ஒவ்வொரு சரத்தின் இரு முனைகளையும் தனி வயரில் பின்பக்க டெர்மினல்வரை கொண்டுவந்து அங்கே சேருங்கள். வயர் கொஞ்சம் அதிகம் ஆகும், ஆனால் பின்னாளில் எந்தச் சரத்தில் கோளாறு என்று பெட்டியைப் பிரிக்காமலே தெரியும். 1 சதுர மி.மீ. செம்புக்கம்பி தாராளம். ஒரு ட்ரைவரின் கம்பிச்சுருள் அறுந்தால் அந்தச் சரத்தின் நான்கும் மௌனமாகும், மற்றவை பாடிக்கொண்டிருக்கும்.

7. பாஸுக்குத் தனி வூஃபர்

பதினாறு 3 அங்குலக் கூம்புகளின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய ஒரு 12 அங்குல வூஃபருக்குச் சமம். ஆனால் அவை முன்னும் பின்னும் நகரும் தூரம் குறைவு. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை 8 அல்லது 10 அங்குல வூஃபர் (தாழ்ந்த சுருதிக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒன்றுக்குத் தனி ஆம்போடு கொடுத்துவிடுங்கள். அதை இரு வரிசைகளுக்கும் நடுவே தரையில் வையுங்கள். மூலையில் ஒளித்து வைத்தால் 120 ஹெர்ட்ஸில் அது எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும்.

8. அளத்தலும் ஈக்யூவும்

ஈக்யூ, அதாவது எந்தச் சுருதி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று திருத்துவது, இல்லாமல் லைன் அரே முழுமையாகாது. வரிசையின் அருகாமைக் களத்தில் சுருதி ஏற ஏற ஒலி குறைந்துகொண்டே போகும். ஒவ்வோர் ஆக்டேவுக்கும், அதாவது சுருதி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், 3 டெசிபல் என்பது கணக்கு. பெட்டியை முடித்து முதல்முறை பாட்டுப் போடும்போது குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பயந்துவிடாதீர்கள், ட்ரைவர் கெட்டுப்போகவில்லை, இதன் இயல்பே அதுதான்.

இதைச் சரிசெய்ய டிஎஸ்பி (ஒலியை எண்களாக மாற்றித் திருத்தும் கருவி) வேண்டும். ஏடிஏயூ1701 சிப் வைத்த டிஎஸ்பி போர்டு இரண்டு உள்ளீடு, நான்கு வெளியீடு தரும். இரு வரிசையும் ஒரு வூஃபரும் அதில் அடங்கும். அமைப்புகளைப் போர்டில் ஏற்றும் கருவியான ப்ரோகிராமரையும் சேர்த்து வாங்குங்கள், பலர் அதை விட்டுவிட்டு மறுபடி கடைக்கு ஓடுகிறார்கள். கணினியிலிருந்து மட்டும் பாட்டுக் கேட்பவர்கள், பல வெளியீடுள்ள சவுண்டு கார்டு இருந்தால், ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்துகொள்ளலாம். சுலபமாக வேண்டும், பணமும் இருக்கிறது என்றால், மினிடிஎஸ்பி நிறுவனத்தின் ரெடிமேட் டிஎஸ்பி.

அளவுத்திருத்தக் கோப்புடன் வரும் யுஎஸ்பி மைக் ஒன்றை இரவல் வாங்குங்கள். அதைக் காது உயரத்தில், சோபாவில் வையுங்கள். ஒரே இடத்தில் அளக்காதீர்கள். தலையை நகர்த்தும் அளவுக்கு ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். அந்தச் சராசரியைப் பார்த்து, மேலே ஏற்றுவதைவிடக் கீழே இறக்கித் திருத்துங்கள், ஆம்ப் திணறாது. உயர் சுருதிகளை மட்டும் எப்படியும் 6 முதல் 8 டெசிபல்வரை ஏற்ற வேண்டிவரும், அதற்கு மேல் போகாதீர்கள். 3,800 ஹெர்ட்ஸுக்கு மேலே தெரியும் குறுகிய பள்ளங்களை நிரப்ப முயலவே வேண்டாம். மைக்கை நான்கு விரற்கடை நகர்த்தினால் பள்ளமும் நகர்ந்துவிடும்.

ஈக்யூ ஒரு நாளில் முடியாது. தோராயமாகச் சரிசெய்துவிட்டு, உங்களுக்கு நன்கு பழகிய பாடல்களை ஒரு வாரம் கேளுங்கள். அப்புறம் ஒன்றிரண்டு டெசிபல் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டுத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள்.

9. செலவும் காலமும்

விலைகள் கடைக்குக் கடை மாறும், இவை தோராயமே. 36 ட்ரைவர், ஒன்று 300 ரூபாய் என்றால் 10,800. எம்டிஎஃப் 2,500. வெட்டுக்கூலியும் ஓட்டைகளும் 3,500 வரை. ஆம்ப் போர்டுகளும் எஸ்எம்பிஎஸ்ஸும் 3,000. டிஎஸ்பி 2,500. வூஃபரும் அதன் பெட்டியும் 4,500. வயர், டெர்மினல், பஞ்சு, 128 திருகாணிகள் 1,500. பெயின்ட் 1,500. மொத்தம் முப்பதாயிரத்துக்குள். மைக் சொந்தமாக வாங்கினால் தனி. பணம் குறைவாக இருந்தால் வூஃபரைத் தள்ளிப்போடுங்கள், பெயின்டைத் தள்ளிப்போடுங்கள். டிஎஸ்பியைத் தள்ளிப்போடாதீர்கள்.

வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தால் ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் ஆகும். பசைக்கும் பெயின்டுக்கும் கோட்டுக்குக் கோட் ஒரு நாள் விடுங்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், காயவே காயாது.

10. முடிந்தபின் வைத்திருக்க வேண்டியவை

கணக்குத்தாள், ட்ரைவர் அளவுகள், வயரிங் படம், பில், ஈக்யூ கோப்பின் நகல் ஆகியவற்றை ஒரே கவரில் போட்டு உபரி ட்ரைவர்களோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆம்பைக் கழற்றிவிட்டு டெர்மினலில் மல்டிமீட்டரை வையுங்கள். 8 ஓம் வரிசை ஏறக்குறைய 6.5 ஓம் காட்டும். 8.7க்கு ஏறியிருந்தால் ஒரு சரம் அறுந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சரத்தின் நான்கு ட்ரைவரை மட்டும் கழற்றி, ஒவ்வொன்றாக அளந்து, போனதை மாற்றினால் போதும்.